படுத்திருந்தவருக்குப் போட்ட மாலை

வெளியூர்க்காரருக்கு நம் பழக்கவழக்கங்களைச் சொல்லித் தருகிறேன் என்று கிளம்புகிறவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. அப்படிக் கிளம்பியவன்தான் நான்.

எழுபதுகளின் கடைசியில், பெரம்பலூருக்குக் கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்த டென்மார்க்குக்காரர் எல்சா அம்மாவுக்கு நான் உதவியாளன். வயது இருபத்திரண்டு. (எல்லாம் தெரிந்த வயது!) “நம்மூர்ல மரியாதைன்னா மாலைதாங்கம்மா” என்று நான் சொன்னதை அவர் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

குரும்பலூரில் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த ஒரே வீடு ராமசாமியுடையது. அவர் பெருமாள் பக்தர். அவர் மனைவி செல்லம்மாளுக்கு எல்சா அம்மா என்றால் உயிர். அந்த ராமசாமி திருச்சியில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் கவலையில் சரியாகச் சாப்பிடாத எல்சா அம்மா, பார்க்கப் போகும்போது பெரிய ரோஜா மாலையாக வாங்கச் சொன்னார். வாங்கிக் கொடுத்த மகானுபாவனும் நானே.

நான் வாசலில் சைக்கிளைப் பூட்டுவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். ராமசாமி கட்டிலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்துவரை வெள்ளை வேட்டி. எல்சா அம்மா மாலையை மெல்ல அவர் நெஞ்சில் வைத்து, கால்மாட்டில் நின்று, தலைகுனிந்து கண்மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

கஞ்சியோடு வந்த செல்லம்மாள் பார்த்தார். “ஐயோ! என்னைய வுட்டுட்டுப் போயிட்டீங்களே!”

தெருவே ஓடிவந்தது. இரண்டு பெண்கள் மாரடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தொலைந்தோம், இனி இந்த வீடு மட்டுமல்ல, எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது!

அப்போது ‘பிணம்’ எழுந்து உட்கார்ந்தது. “எவன்டி செத்தது?”

மாலையைப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். “ஐயையோ, தையல் பிரிஞ்சிரும்...” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே, மாலையைத் திருப்பி எல்சா அம்மா கழுத்தில் போடப் போனார். செல்லம்மாள் வெடுக்கென்று பிடுங்கினார்.

“யோவ், நான் உசுரோட இருக்கறப்பவே மாலை மாத்திக்கிறியா?”

பிறகு எல்சா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக, “நீ ஒண்ணும் பயப்படாத தாயி, கஞ்சி குடி” என்றார். அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

பழக்கவழக்கம் சொல்லித் தரும் உத்தியோகம் அன்றே என்னிடமிருந்து செல்லம்மாளுக்குப் போனது. இன்றும் அந்த வீட்டில் யாராவது விடிந்தும் எழாமல் கிடந்தால் ஒரே மிரட்டல்தான்: “எந்திரிக்கிறியா, எல்சாம்மாவக் கூப்பிடவா?”