வெள்ளெலி வண்டி

பாறசாலை ரயில் நிலையத்து ஆட்டோக்காரர்களில் மரபணு உள்ளவர் ஒருவர் மட்டும்தான். மற்றவர்களிடம் வெறும் லைசென்ஸ்தான் இருந்தது. அந்த ஒருவரை நாங்கள் வெள்ளெலி என்போம்.

அந்த யோசனை அவருக்கு உதித்த நொடியில் நான் பின்சீட்டில் இருந்தேன். உயிரியல் படிக்கிற முதல் வருடம். அன்று வகுப்பில் கேட்டதை யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடுவேன் என்ற நிலையில் ரயிலைவிட்டு இறங்கினேன். அகப்பட்டவர் அவர்.

"அண்ணே, லேபுல வளக்கிற எலிகளுக்கு ஃப்ளூ கிருமியக் குடுத்தா குடும்பம் குடும்பமா சாவும். ஆனா ஒரு எலிக்குடும்பம் மட்டும் தப்பிச்சிரும். அதுக்குப் பரம்பரையா ஒரு ஜீன் உண்டு, மத்ததுக்கெல்லாம் அது பழுது. ஆனா அந்த எலிக்கும்..."

வண்டி கிறீச்சிட்டு நின்றது. என் நெற்றி முன்கம்பியில் இடித்தது.

"எலே மக்கா, அது நானாக்கும்."

"எது?"

"அந்த எலி. எனக்க ஆயுசுல காய்ச்சல் வந்ததில்ல. எனக்க அப்பனுக்கும் வந்ததில்ல."

"அப்பா சுகமா இருக்காரா?"

"செத்துட்டாரு. பிலா மரத்துல இருந்து விழுந்தாக்கும். அதுக்கு ஜீன் என்ன செய்யும்?"

நியாயம்தான். என் வாக்கியத்தின் மீதிப் பாதியை அவர் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் வண்டியின் முதுகில் ஒரு வெள்ளை எலி ஏறியிருந்தது. களியக்காவிளை ஓவியர் அதுவரை சாமிப் படம் மட்டுமே வரைந்தவர். பழக்கதோஷத்தில் எலியின் கையில் ஒரு கொழுக்கட்டையைக் கொடுத்துவிட்டார். வழியில் சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது சயன்ஸாக்கும் ஃபாதர்" என்றார் வெள்ளெலி.

கொழுக்கட்டையுமா என்று பாதிரியார் கேட்கவில்லை. பெருந்தன்மை.

மழைக்காலம் வந்ததும் ஸ்டாண்டில் புதிய சட்டம் அமலானது. யாராவது இருமிக்கொண்டு வந்தால் மற்ற ஓட்டுநர்கள், "அந்தா எலி நிக்குல்லா, அதுல ஏறும்" என்று கை காட்டுவார்கள். வெள்ளெலி அதைப் பட்டாபிஷேகமாக எடுத்துக்கொண்டார். பொழியூரிலிருந்து காஞ்சிரங்குளம் வரை எந்த வீட்டில் காய்ச்சலென்றாலும் அவர் வண்டிதான். "வெக்கப்படாம இருமும் சாரே, எனக்கு ஒட்டாது" என்று உற்சாகப்படுத்துவார். மாஸ்க் போடச் சொன்ன டாக்டரிடம், "எலிக்கு மாஸ்க் உண்டா டாக்டரே?" என்றார். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இந்த மழைக்கு வெள்ளெலியைக் காணோம். "வண்டி வொர்க்‌ஷாப்புலயாக்கும்" என்றார்கள் ஸ்டாண்டில், சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு. வீட்டுக்குப் போனேன். வொர்க்‌ஷாப்பில் இருந்த வண்டி முற்றத்தில் நின்றது. உள்ளே ஒரு கம்பளி தும்மியது.

"காய்ச்சலா அண்ணே?"

"ஏது காய்ச்சல்? மிளகாப்பொடியாக்கும்."

"ஆமா" என்றார் அவர் மனைவி லீலா மைனி, அடுக்களையிலிருந்து. "நூத்திரெண்டு டிகிரி மிளகாப்பொடி."

கம்பளி கொஞ்சம் இறங்கியது. "வண்டியில உள்ள அந்த எலிய அழிச்சிரணும் மக்கா. எனக்கும் பயம் வந்துட்டு. பொழியூர் மேரியக்காளுக்கு நெஞ்சு இழுக்குது, இப்பம் போன்ல விளிச்சா. நான் பயந்தா பின்ன அவளை ஏத்த யாரு உண்டு?"

ஸ்டாண்டுக்குப் போன் போட்டேன். சிரிப்பை விழுங்கியவர்களில் ஒருவர் எடுத்தார். மேரியக்காள் விஷயத்தைச் சொன்னேன். "மாஸ்க் போட்டுட்டுப் போறேன். எலிக்காக வேண்டியாக்கும், சொல்லிரு."

சொன்னேன். பிறகு மீதிப் பாதியையும் சொன்னேன்: "அந்த எலிக்கும் கிருமி தொத்தும் அண்ணே. ஆனா அது பெருகி நெஞ்சை அடைக்கதுக்கு முன்ன ஜீன் தடுத்துரும். எலி எழும்பி வந்துரும்."

"இத முதல்லயே சொன்னா என்னலே?"

"நீங்கதான பிரேக் போட்டீங்க?"

அவருக்கு அந்த மரபணு உண்டென்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டுவிட்டார்.

இப்போது திரும்பி வந்துவிட்டார். அவரும் மாஸ்க், வண்டி முதுகிலிருக்கிற எலியும் மாஸ்க். கொழுக்கட்டை அப்படியே இருக்கிறது. எலிக்கு உள்ளதெல்லாம் மனிதனுக்கும் உண்டென்று அர்த்தமில்லை என்ற வாக்கியத்தைத் திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் முடித்துப் பார்க்க உத்தேசம். எந்த வளைவில் பிரேக் போடுவாரோ தெரியாது. ஆனால் அவர் சவாரிக்குப் போயிருந்தால், வரிசையில் நிற்கிற அத்தனை வண்டிகளையும் விட்டுவிட்டு, மழையானாலும் நின்றுகொண்டிருப்பேன்.