சர்வர் விஷயமாக மட்டும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே சர்வர் நீங்கலாக யாவரும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று விசாரிக்கக் கூடாதென்று வீட்டில் உத்தரவாகியிருப்பதால் விசாரிக்கவில்லை. நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இதையும் நான் கேட்டதாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கடிதம் முழுக்க முழுக்க அலுவலக விஷயம். பாப்பா உங்களிடம் கோபித்துக்கொண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பதைப் பற்றி இதில் ஒரு வரிகூட இருக்காது. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாதல்லவா?

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில் நீங்களே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, உங்கள் கையால் மாட்டி ஓடவிட்டுப் போனீர்களே அந்த சர்வர், அது இப்போது நினைத்த நேரத்தில் படுத்துக்கொள்கிறது. சொல்லாமல் கொள்ளாமல். ஒரு சத்தம் கிடையாது, ஒரு முனகல் கிடையாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், திரும்பிப் பார்த்தால் இருட்டு. நாற்காலியும் நோயாளிக் கட்டிலும் வாடகைக்கு விடுகிற கம்பெனியில், எது எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற விவரமெல்லாம் அதன் வயிற்றுக்குள்தானே இருக்கிறது? போன வாரம் லாரி கிளம்புகிற நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. டிரைவரின் ஞாபகத்தை நம்பி அனுப்பினோம். கால் முறிந்து கிடந்த ஒரு வாத்தியார் வீட்டில் லாரி நிறைய பிளாஸ்டிக் நாற்காலி இறங்கிவிட்டது. அவருக்குப் போக வேண்டிய கட்டிலும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கட்டில்களும் ஒரு பொதுக்கூட்டத்தில் இறங்கிவிட்டன. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாப் பேச்சாளர்களையும் படுத்தபடியே கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லையாம். அடுத்த கூட்டத்துக்கும் கட்டிலே வேண்டும் என்று அமைப்பாளர்கள் நச்சரிக்கிறார்கள். வாத்தியார் மட்டும் எங்கள்மேல் வழக்குப் போட நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கால் சரியானதும்.

மேனேஜர் இதை ஆரம்பத்திலேயே கையில் எடுத்துக்கொண்டார். "இது மெஷின் கோளாறு இல்ல சார், யாரோ கை வைக்கிறாங்க" என்று சொல்லி, காவலாளியை சர்வர் அறைக்குள் உட்கார வைத்தார். காவலாளி, "உள்ள குளிர் தாங்கல சார், நான் வெயில்ல நின்ன உடம்பு" என்று ஏசியை அணைத்துவிட்டுக் காவல் காத்தார். அப்படியும் மெஷின் நின்றது. அவர் தூங்கியிருப்பார் என்று சந்தேகப்பட்டு, அவரைப் பார்த்துக்கொள்ள டைப்பிஸ்ட்டைப் போட்டார். இரண்டு பேரும் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று புகார் வரவே, அவர்களைப் பார்த்துக்கொள்ள காசாளர் அம்மாளைப் போட்டார். அம்மாளுக்கு மூட்டுவலி. ஏசி ரிமோட்டைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். அப்படியும் நின்றது, முன்னைவிட அடிக்கடி நின்றது. ஆள் போடப் போட அதிகமாக நிற்கிறதே என்று நான் மேனேஜரிடம் சொன்னேன். "அப்போ ஆள் இன்னும் பத்தலைன்னு அர்த்தம்" என்றார். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சை மாற்றினார், பிளக்கை மாற்றினார், வயரை மாற்றினார், கடைசியில் கோளாறு கட்டடத்தில் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. "பத்திரமா பாத்துக்குங்க மாமா" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதிலேயே இருக்கிறது. தூசி பட்டுவிடப் போகிறதே என்று கிடங்கிலிருந்து நல்ல கம்பளியாகப் பார்த்து எடுத்துவந்து, முன்னும் பின்னும் இடைவெளி இல்லாமல் போர்த்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் மனசு கேட்காமல் இன்னொரு கம்பளி போர்த்தினேன். நீங்கள் மெஷினை என்னிடம் ஒப்படைத்தபோது சொன்ன அதே வார்த்தையைத்தான் கல்யாணத்தன்று நான் உங்களிடம் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

ஒரே ஒருமுறை நீங்கள் போனை எடுத்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். "மாமா, கடைசியா என்ன மாத்தினீங்க? ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. ரூம் சூடா இருக்கா?" என்று கேட்டீர்கள். "சூடெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்பிள்ள, இங்க யாருக்கும் குளிரவே இல்ல, எல்லாரும் சௌகரியமா இருக்கோம்" என்றேன். அப்புறம் வாய் தவறி "எப்ப வர்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், லைன் போய்விட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொன்னதை மேனேஜரிடம் சொன்னேன். மெஷினைக் கழற்ற எங்களில் யாருக்கும் தெரியாது. ஆகவே ஆட்களைக் கழற்றினோம். தினம் ஒருவருக்கு லீவு. அவர் இல்லாதபோதும் மெஷின் நின்றால் அவர் நிரபராதி, மறுநாள் வேலைக்கு வரலாம். எல்லோரும் நிரபராதி ஆகிவிட்டார்கள். மேனேஜர் தன்னைக் கழற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். மிஞ்சியது நான். மெஷினும் என் மாப்பிள்ளை வைத்தது என்பதால் காசாளர் அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். இப்போது மொத்த அலுவலகமும் அந்தச் சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வியர்த்துக் கொட்டுகிறது. ஒரு மெஷினை இதைவிட அக்கறையாக யார் பார்த்துக்கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.

"கடைசியா என்ன மாத்தினீங்க" என்று நீங்கள் கேட்டதை அன்றைக்கு வீட்டில் சொல்லித் தொலைத்தேன். பாப்பா பிடித்துக்கொண்டாள். "என்னையும் அப்படித்தாம்ப்பா கேட்டாரு! நான் அழுதுட்டு இருக்கேன், பக்கத்துல உக்காந்து, எப்பலேருந்து இப்படி, கடைசியா என்ன மாறுச்சு, இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கான்னு கேக்கறாரு!" உங்கள் அத்தை உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குக் காபி ஆறித்தான் வருகிறது.

அவள் பிறந்தநாளுக்கு ஓட்டலில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, எவனோ ஒருவனுடைய மெஷின் நின்றுவிட்டதென்று எழுந்து ஓடினீர்களாம். இரண்டு பேர் சாப்பாட்டையும் அவளே உட்கார்ந்து சாப்பிட்டாளாம். கோபம் அதனால் இல்லையாம். திரும்பி வந்து, சிரித்த முகமாக, "சரி பண்ணிட்டேன்" என்றீர்களாமே, அதனால்தானாம். "மெஷின் நின்னா எந்த ஊரா இருந்தாலும் ஓடுவாருப்பா. நான் இங்க வந்து எத்தன நாளாச்சு? எட்டிப் பாத்தாரா?" என்றாள். இதைக் கேட்டதும்தான் உங்களுக்கு உடனே ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சர்வர் பற்றி.

வீட்டில் உங்கள் பேச்சையே எடுக்கக் கூடாது. நானும் எடுப்பதில்லை. ஆனால் நான் எடுக்காமல் இரண்டு நாள் இருந்தால், "ஏம்ப்பா, உங்க ஆபீஸ் சர்வருக்கு யாராச்சும் வர்றாங்களா?" என்று அவளே கேட்கிறாள். போன் மணி அடித்தால் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வருகிறாள். எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரோ லோன் வேணுமான்னு கேக்கறான்" என்று வைத்துவிட்டு, அந்த லோன்காரனைச் சாயங்காலம் வரை திட்டுகிறாள். பெற்றவனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை மாப்பிள்ளை. எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சர்வரைச் சொல்கிறேன்.

ஆகவே தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, மெஷினை நேரில் பார்த்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்குவதற்கு வேறு எங்கும் இடம் தேட வேண்டாம். வீட்டில் இடம் இருக்கிறது. உங்கள் கை பட்ட மெஷின்கள் எல்லாம் நிற்காமல் ஓட வேண்டும் என்றும், எங்களுடையது மட்டும் நீங்கள் வந்து சேரும்வரை இப்படியே இருக்க வேண்டும் என்றும் மனதார ஆசீர்வதிக்கிறேன். அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்,
அலுவலகக் கண்காணிப்பாளர் (இன்றைய தேதி வரை)

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் காலாவதியாகிவிட்டது. கடிதத்தை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். மத்தியானம் பாப்பா நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தாள். சர்வர் அறைக் கதவைத் திறந்தவள் ஓரடி பின்னால் போய்விட்டாள். "அய்யோ அப்பா, என்ன இது, அடுப்புக்குள்ள உக்காந்திருக்கீங்க! யாரு இதுக்குக் கம்பளி போத்தினது?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் உட்பட எல்லோரையும் வெளியே விரட்டினாள், கம்பளிகளை உருவி எறிந்தாள், காசாளர் அம்மாளின் கைப்பையிலிருந்து ரிமோட்டை வாங்கி ஏசியைப் போட்டாள். "சூடு தாங்காம அது தன்னைத்தானே அணைச்சுக்குதுப்பா. உங்க மாப்பிள்ள தூக்கத்துலகூட இதத்தான் பொலம்புவாரு" என்றாள். அதன்பிறகு மெஷின் நிற்கவே இல்லை. தன் விடாமுயற்சியால் பிரச்சினை தீர்ந்ததாக மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டார்.

இனிமேல் உங்களைக் கூப்பிட என்ன முகாந்திரம் இருக்கிறது என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பாப்பா பிடுங்கிக்கொண்டாள். வராந்தாவில் நின்றபடியே முழுக்கப் படித்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவளோ அதை மடித்து, உறையில் போட்டு, பசை தடவி, நன்றாக அழுத்தி ஒட்டி என் கையில் கொடுத்தாள். "போஸ்ட் பண்ணிடுங்கப்பா" என்றாள். "சர்வர்தான் ஓடுதேம்மா" என்றேன். ஏசி ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஓடுதுன்னு எழுதாதீங்க."

எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. அதனால்தான் தபால் நிலையத்தில் நின்று உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். ஆனால் மாப்பிள்ளை, இந்தப் பின்குறிப்பை நீங்கள் படிக்கவில்லை. நானும் எழுதவில்லை. சர்வர் நின்றுதான் கிடக்கிறது. உடனே புறப்பட்டு வாருங்கள்.