தோள்வலிக்காரர் வாங்கிய லென்ஸ்

லென்ஸ் வாங்கியே தீருவது என்று எக்ஸ்ரேக்காரர் முடிவெடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. எந்த லென்ஸ் என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவர் அவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ஆடாதீங்க... இப்ப விடுங்க." இவ்வளவுதான் அவர் பேச்சு. இதற்கு அடங்காத நெஞ்சுக்கூட்டை அவர் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு பறவைகளிடம் போனார். பறவைகள் மூச்சையும் பிடிக்கவில்லை, அவரையும் மதிக்கவில்லை.

முதல் மீன்கொத்தியை மனைவியிடம் காட்டிய நாள் அவருக்கு மறக்காது.

"பறவை எங்கங்க?"

"இதோ, அந்தக் கிளைக்கு மேல. நீலமா ஒரு புள்ளி."

"அதுவா! ஏதோ அழுக்கு ஒட்டியிருக்குன்னு நான் துடைச்சுக்கிட்டிருக்கேன்."

தப்பு தன்மேல் இல்லை, கேமராவோடு வந்த குட்டி லென்ஸ்மேல்தான் என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஜூம் லென்ஸ் வேண்டும். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று நூறிலிருந்து நானூறு மில்லிமீட்டர் வரை போகும், கைக்கு அடக்கம். மற்றது நூற்றைம்பதில் ஆரம்பித்து அறுநூறு வரை, முழங்கை நீளம். முதலாவதற்குச் சின்னவன் என்றும் இரண்டாவதற்குப் பெரியவன் என்றும் பெயர் வைத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் அவன் குணம், அந்தப் பக்கம் இவன் குணம் என்று எழுதிக்கொண்டே வந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் அந்த நோட்டில் எழுதவில்லை. லென்ஸ் வாங்காத வரையில் அவர் பெரிய படப்பிடிப்பாளர். லென்ஸ் ஒன்றுதான் குறை. வாங்கிவிட்டால்? அப்புறமும் மீன்கொத்தி அழுக்காகவே விழுந்தால் யாரைக் குறை சொல்வது? இந்தப் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. பதினோரு மாதம் அப்படித்தான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி நோட்டை எடுத்து நிதானமாகப் படித்தாள். அவள் பார்சல் ஆபீசில் எடை பார்த்து ரசீது போடுபவள். எந்தப் பொட்டலத்தையும் கையில் வாங்கும்போதே எடை சொல்லிவிடுவாள். தராசு அதற்கப்புறம் தலையாட்டும்.

"எதுங்க உங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

"பெரியவன்தான். அறுநூறுன்னா அறுநூறு. குளத்துக்கு அந்தக் கரையில உக்காந்திருக்கிற பறவையோட கண்ணுல நான் தெரிவேன்."

"எடை ரெண்டு கிலோன்னு போட்டிருக்கே. கேமராவையும் சேத்தா மூணு. கையிலயே பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"பறவை வர்ற வரைக்கும் நிக்கணும்."

"அய்யோ," என்றாள் அவள், உண்மையான கவலையுடன். "அப்ப உங்க தோள்?"

தோளை அவர் மறந்தே போயிருந்தார்.

அந்தத் தோளின் கதை இது. ஆறு வருடத்துக்கு முன்பு லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தார்கள். வண்டியிலிருந்து சாமான் இறங்க இறங்க அவருக்கு இடது தோளில் வலி ஏறியது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தோடு வந்தார். சொந்தத் தோள், சொந்த மெஷின், செலவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாரு, இந்த இடத்துல தேய்மானம்" என்று விரலால் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். "பாவம்ங்க நீங்க" என்று சொல்லி, படத்தை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து செய்தித்தாளைவிடக் கனமான எதையும் அவர் மாடிக்குத் தூக்கியதில்லை.

"தோள் இப்ப பரவாயில்ல," என்றார்.

"எவ்வளவு பரவாயில்ல?"

"நல்லாவே பரவாயில்ல."

"எனக்கு ஆட்சேபணை இல்லங்க. ஆசைப்பட்டுக் கேக்கறீங்க. ஆனா தோள் போச்சுன்னா ஆயுசுக்கும் கஷ்டம். சின்னவன்தான் சரி. அது கிட்டக்க இருக்கிறதையும் எடுக்குமாமே, நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க."

"கிட்டக்க இருக்கிறதை எடுக்கவா பறவை லென்ஸ்? கிட்டக்க நீ இருக்க, அலமாரி இருக்கு."

"அதுக்கில்லங்க. தோள்..."

"என்ன தோள் தோள்னுக்கிட்டு! கீழ மண் மூட்டைங்க கிடக்கே, அதுல ஒண்ணைத் தூக்கிட்டு வந்து காட்டட்டுமா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்."

அவள் வேண்டாம் என்று சொன்ன விதத்தைக் கேட்டால் ஒரு ஆண்மகனால் உட்கார்ந்திருக்க முடியாது. அவர் இறங்கிப் போனார்.

மொட்டை மாடியில் தோட்டம் போட வேண்டும் என்பது குடிவந்த நாளிலிருந்து அவளுடைய ஆசை. ஒரு வருடத்துக்கு முன்பு மண் வரவழைத்தாள். கொண்டுவந்தவர்கள் மாடிப்படிக்குக் கீழேயே அடுக்கிவிட்டு, படி ஏறுவது எங்கள் வேலை இல்லை என்று போய்விட்டார்கள். இருபத்தாறு மூட்டை, மூட்டைக்குப் பத்துக் கிலோ. அவள் இரண்டு மூட்டையைத் துணிப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப்போய் நான்கு தொட்டி நிரப்பியிருந்தாள். எக்ஸ்ரேக்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம் தோளைத் தடவிக்கொள்வார்.

முதல் மூட்டை மொட்டை மாடி போய்ச் சேர்ந்தது. அவருக்கு முகம் சிவந்து, காது அடைத்துவிட்டது.

"வலிக்குதா?" என்றாள் மனைவி.

"வலியா? எங்க?"

"ஒரு மூட்டையை வச்சு என்னங்க சொல்ல முடியும்? நாளைக்கு வலிச்சாலும் வலிக்கும். எதுக்கு ரிஸ்க்? சின்னவனையே..."

"நாளைக்கும் தூக்கறேன். பாரு."

இப்படியாகப் பயிற்சி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு மூட்டை. ஞாயிறு என்றால் இரண்டு. மூட்டையை இறக்கியதும் கேமராவோடு பெரியவனின் எடைக்கு ஒரு சோப்புத்தூள் பாக்கெட்டைக் கட்டிக் கண்ணருகே பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் நிற்பார். தனக்குத்தானே "ஆடாதீங்க" என்று சொல்லிக்கொள்வார். எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் பேச்சு எழுந்தது.

நிற்க நிற்க ஒரு அதிசயம் நடந்தது. அவர் பறவைகளைப் பார்க்க ஆரம்பித்தார். இதுவரை லென்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியின் கசிவில் ஒரு வாலாட்டிக் குருவி தினமும் ஒரே நேரத்துக்கு வந்தது. தொலைபேசிக் கம்பியில் இரண்டு புறாக்கள் எப்போதும் ஒரு முழம் இடைவெளி விட்டே உட்கார்ந்தன. சண்டையோ என்னமோ. சோப்புத்தூள் வழியாக எதையும் எடுக்க முடியாது என்பதால் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதாவது மூட்டையின்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டியது. மூட்டையை முழங்காலில் தாங்கி, சுவரில் கை ஊன்றி நின்றார். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்தார்.

"என்ன சார், தோள் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு."

"நல்லதாப் போச்சு. உங்க வீட்டம்மாவும் இதே இடத்துலதான் நின்னு மூச்சு வாங்குவாங்க. பாருங்க, சுவர்ல கைத்தடமே விழுந்திருச்சு. வெள்ளையடிச்சாலும் மறுபடி வந்துடுது."

அவர் கையை எடுத்துப் பார்த்தார். அவருடைய உள்ளங்கைக்குக் கீழே, அதைவிடச் சிறியதாக, பழுப்பாக ஒரு கைத்தடம் இருந்தது. விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. அரிசி, தண்ணீர்க் கேன், ஈரத் துணி, மண் என்று ஆறு வருடம் அந்த இடத்தில் அவள் நின்றிருக்கிறாள். அவர் அந்த வழியாகத்தான் தினமும் செய்தித்தாளோடு போய்வந்தார்.

வெட்கமாக இருந்தது அவருக்கு. மேலே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொன்னால் பெரியவன் கைவிட்டுப் போய்விடுவான் என்றும் நினைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து, அன்றைக்குக் கூடுதலாக இரண்டு மூட்டை தூக்கினார். மனைவி வழக்கத்துக்கு மாறாகத் தேநீரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

இருபத்திரண்டாவது மூட்டை ஏறியதும் அவளே சொன்னாள்: "போதுங்க. மிச்சம் ரெண்டுதான், அப்புறம் பாத்துக்கலாம். தோள் தேறிடுச்சு. பெரியவனையே வாங்கிக்கோங்க."

கடையில் அவர் பெரியவனை ஒற்றைக் கையால் தூக்கிக் கண்ணில் வைத்தார். கடைக்காரர் அசந்துபோனார்.

"நல்ல பிடி சார் உங்களுக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பறவை மூணு மீட்டராவது தள்ளி இருக்கணும். அதுக்குக் கிட்டக்க வந்தா இதுல ஃபோகஸ் ஆகாது. சின்னதுன்னா ஒரு மீட்டர்லயே எடுக்கும்."

எக்ஸ்ரேக்காரர் சிரித்தார். "மூணு மீட்டர்ல பறவை வந்து உக்காருமா? நான் குளத்துக்கு அந்தக் கரையைப் பிடிக்கப் போறவன்."

பெட்டியை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி வீட்டில் இல்லை. மொட்டை மாடியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, சத்தம் போடாம மேல வாங்க! அதையும் எடுத்துட்டு வாங்க!"

மேலே போனவர் படிவாசலிலேயே நின்றுவிட்டார். வெறும் சிமெண்டாகக் கிடந்த இடம் அது. கடந்த சில வாரமாக அவள் நர்சரியிலிருந்து பூத்த செடிகளாகவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூட்டைகளோடு அவற்றையும் சுமந்து வந்தவர் அவர்தான்; கண் எப்போதும் கம்பியிலும் தொட்டிக் கசிவிலும் இருந்ததால் இவ்வளவு சேர்ந்ததைக் கவனிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி பாதி இடத்தை அடைத்துக்கொண்டது போக, மிச்சம் முழுக்கப் பூந்தொட்டிகள். சிவப்புப் பூங்கொத்து ஒன்றில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தது. வெயில் பட்டுக் கழுத்து ஊதாவாக மின்னியது.

அவர் பூனைநடையாக அவள் பக்கத்தில் போய்ப் பெரியவனை மாட்டினார். கண்ணில் வைத்தார். சரக், சரக் என்று லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது. ஒரே ஊதாக் கலக்கல். மறுபடி அழுத்தினார். மறுபடி கலக்கல்.

"என்னங்க?"

"ரொம்பக் கிட்டக்க இருக்கு," என்றார் அவர் மெல்ல. இப்படி ஒரு குறையைத் தன் வாயால் சொல்ல நேரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"தினமும் இந்த நேரத்துக்கு வருதுங்க. நான் பேசினாக்கூடப் பறக்காது." அவள் செல்போனை எடுத்தாள். டிக் என்றது. திரையில் தேன்சிட்டு, இறகு இறகாக.

அவர் ஒரு அடி பின்னால் போனார். அப்போதுதான் நாற்றுத் தட்டின் மேல் வெயில் படாமலிருக்கக் குடைபோலக் கட்டியிருந்த கறுப்புத் தாள் கண்ணில் பட்டது. தாள் இல்லை, எக்ஸ்ரே படம். இருபத்தாறு வருட அனுபவம் ஒரு நொடியில் அடையாளம் கண்டுவிட்டது. அது அவருடைய தோள்.

"இது..."

"ஆமா, உங்களோடதுதான். மூலையில 'ஆர்'னு ஒரு எழுத்து இருக்கே, வலது பக்கம்னு அர்த்தமாமே? உங்க ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க பார்சல் போட வந்தப்ப சொன்னாங்க. நீங்க ஆறு வருஷமா இடது தோளைத்தான் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க."

நூறாயிரம் பேருக்குப் பக்கம் மாறாமல் படம் எடுத்தவர், தனக்கு எடுத்ததில் பக்கம் மாறியிருந்தார். எக்ஸ்ரேக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? மறுநாளே இடுப்பு வலிக்கும். வலி போயிடுச்சுன்னு நீங்களா உங்க வாயால சொல்லணும். அதுக்குத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நாளாயிடுச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"அந்த ரெண்டாம் மாடிச் சுவரை... நான் பாத்தேன்," என்றார்.

"தெரியும். அன்னைக்கு மூணு மூட்டை தூக்கினீங்களே."

தேன்சிட்டு அடுத்த பூவுக்குத் தாவியது. இன்னும் பக்கத்தில்.

"சரி, விடுங்க. ஆசையா வாங்கியிருக்கீங்க, ஒரு படமாவது எடுங்க. மூணு மீட்டர்தானே வேணும்? நான் சொல்றேன், அப்படியே பின்னாடி போங்க."

அவர் கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமல் பின்னால் நடந்தார். முதுகில் படிவாசல் நிலை இடித்தது.

"தெளிவாச்சா?"

"இல்ல."

"ஒரு படி இறங்குங்க. பாத்து."

இறங்கினார். "இப்ப லேசா தெரியுது."

"இன்னொரு படி."

இறங்கினார். தேன்சிட்டு ஒரு நொடி கத்தி முனைபோலத் தெளிந்தது. விரலை வைப்பதற்குள் வாசல் நிலை குறுக்கே வந்து மறைத்துவிட்டது. "போச்சு," என்றார் படிக்கட்டிலிருந்து.

"இறங்கிட்டீங்கல்ல?" என்று மேலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அப்படியே கீழ போய், மிச்சமிருக்கிற ரெண்டு மூட்டையையும் எடுத்துட்டு வந்துடுங்க."