ஐம்பது அடிக்கு நான்கு மாவீரர்கள்

எங்கள் ஊர் பூவத்தில் வடக்கு வயல்வெளிக்குத் தண்ணீர் தரும் வாய்க்கால் ஷட்டர், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஐம்பது அடியில் இருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் நம்ம காரைக்கால். அந்தப் பக்கம் தமிழ்நாடு. கல்லை நட்டது பிரெஞ்சுக்காரன் காலத்தில் என்பார்கள். நட்டவன் வாய்க்காலைப் பார்த்து நடவில்லை. பெரியவர்கள் செய்ததில் குற்றம் காண்பது எனக்குப் பழக்கமில்லை.

ஷட்டர் அந்தப் பக்கம் என்றாலும் அதைத் திருகுகிற இரும்புக் கைப்பிடி இந்தப் பக்கம்தான், வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் முத்தையன் வசம். இருபத்திரண்டு வருஷமாக அவர் கைப்பிடியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய், பதினெட்டுச் சுற்று சுற்றி, அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். அவருக்கு முன்னால் தண்ணீர் ஊருக்கு வந்துவிடும். இது எவ்வளவு பெரிய முறைகேடு என்பது இந்த ஆவணியில்தான் தெரிந்தது. பணி நேரத்தில் எல்லை தாண்டும் ஊழியர் முன் அனுமதி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முத்தையன் அனுமதி கேட்டு எழுதினார். கடிதம் உரிய வழியில் புதுச்சேரிக்குப் போனது. புதுச்சேரி பஸ் தமிழ்நாட்டு வழியாகத்தான் போகும். கடிதத்துக்கு மட்டும் எல்லை தாண்ட அனுமதி தேவைப்படவில்லை.

ராசாத்திக்கு வடக்கு வெளியில் ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு. வேறு வருமானம் கிடையாது. சம்பாவுக்கு நாற்று விட்டு இருபது நாள் ஆகியிருந்தது. நாற்றங்கால் வெடிப்பில் விரல் போகும். ஷட்டருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பி நிற்க, அதில் தவளை கத்துவது இங்கே கேட்கும். கேட்டுக்கொண்டே எவ்வளவு நாள் உட்காருவது? மனு எழுதிக்கொண்டு டவுனுக்குப் போனாள்.

மனு வாங்கியவர் ஒருங்கிணைப்பு அதிகாரி தெட்சிணாமூர்த்தி. நல்ல மனிதர். நெற்றியில் விபூதி இல்லாமல் பார்க்க முடியாது.

"நாத்து இன்னும் பத்து நாள்தான் தாங்கும் சார். முத்தையண்ணனை ஒரே ஒரு தடவை போயிட்டு வரச் சொன்னா போதும்" என்றாள் ராசாத்தி.

அவர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, இதுல படமே இல்லையே."

"படமா?"

"மக்கள் இப்பல்லாம் எழுத்தைப் படிக்கிறதில்லைம்மா. படம்தான் பாக்கறாங்க."

"மனுவை நீங்கதானே சார் படிக்கணும்?"

"நானும் மக்கள்ல ஒருத்தன்தானே" என்றார் அவர், அடக்கமாக.

அவர் அப்போதுதான் ஒரு குளிர்ப் பிரதேசத்தில் ஐந்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். சித்திரக்கதை மூலம் குறைகளைத் தீர்ப்பது எப்படி என்பது பயிற்சி. ஒவ்வொரு குறைக்கும் ஒரு படக்கதை, ஒவ்வொரு கதைக்கும் நாயகர்கள், நாயகர்கள் கூட்டாகப் புறப்பட்டுப் போய்க் குறையை வெல்வார்கள். இதுதான் இப்போது எங்கும் நடைமுறையாம். ராசாத்தியின் மனு முதல் புத்தகத்துக்குத் தேர்வாகியிருப்பதாக அங்கேயே கைகுலுக்கிச் சொன்னார். வந்த காரியம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் ராசாத்தி வீட்டுக்கு வந்தாள்.

படம் போட ரஞ்சித்குமார் என்ற பிள்ளையை அமர்த்தினார்கள். கோவில்பத்துப் பையன், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பிளக்ஸ் போடுகிறவன். அலுவலகக் கூட்டத்தில் நடந்ததை அவன்தான் எங்களிடம் சொன்னான். எந்தக் கதைக்கும் ஒரு நாயகன் போதும் என்று அவன் நினைத்திருந்தான். சின்னப் பிள்ளை, அலுவலகம் தெரியாது.

நீர்வழிப் பிரிவு, ஷட்டர் சூரனைக் கொடுத்தது. கையில் கைப்பிடியைக் கதாயுதம் போல வைத்திருப்பான். உடனே நில அளவைப் பிரிவு, நாங்கள் இளைத்தவர்களா என்று, அளவுச் சங்கிலியைத் தோளில் போட்ட சங்கிலிச் சிங்கத்தைக் கொண்டுவந்தது. மீன் பிரிவு, கடல் காளையைக் கொண்டுவந்தது.

"கடலே இல்லாத கதையில கடல் காளை எதுக்கு சார்?" என்று ரஞ்சித்குமார் கேட்டிருக்கிறான்.

"சீனியாரிட்டிப்படி அவர்தான் முதல்ல வரணும். நாங்க பெருந்தன்மையா மூணாவதா விட்டுக் கொடுத்திருக்கோம்" என்றாராம் மீன் பிரிவு அதிகாரி.

"உப்புத் தண்ணியிலதானே சார் அவருக்கு மூச்சு வரும்?"

"ஒரு பிளாஸ்டிக் டிரம்மில கடல் தண்ணி ஊத்தி உக்கார வைங்க. மத்தவங்க தூக்கிட்டுப் போகட்டும். அதுதான் ஒருங்கிணைப்பு."

நான்காவது நாயகியை தெட்சிணாமூர்த்தியே யோசித்துத் தந்தார். பெயர் முத்திரை மோகினி. அவள் ரப்பர் ஸ்டாம்பை எதன்மேல் குத்தினாலும் குத்தினது நடந்துவிடும்.

கதை இப்படிப் போகிறது. வறட்சி அரக்கன் பூவத்து வயலைக் காய வைக்கிறான். நான்கு மாவீரர்களும் கிளம்புகிறார்கள். டிரம்மைத் தூக்க முடியாமல் சூரனும் சிங்கமும் நான்கு பக்கத்துக்குச் சண்டை போடுகிறார்கள். சங்கிலிச் சிங்கம் போகிற வழியெல்லாம் அளந்துகொண்டே வருவதால் ஏழாம் பக்கம் வரைக்கும் ஊர் எல்லையே வரவில்லை. எட்டாம் பக்கத்தில் ஊர்மக்கள் விளக்கேற்றி வரவேற்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தில் எல்லா வீரர்களும் வானத்தில் பறந்து எல்லைக்கல்லுக்கு வருகிறார்கள். அங்கே சட்டப் பிரிவிலிருந்து குறிப்பு வந்துவிட்டது. நம் வீரர்களுக்குப் பறக்கும் சக்தி நம் எல்லை வரைக்கும்தானாம், கற்பனையே ஆனாலும் முன் அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் பறந்தால் சிக்கல் வருமாம். அதனால் ஒன்பதாம் பக்கத்திலிருந்து பதினைந்தாம் பக்கம் வரைக்கும் நான்கு பேரும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஷட்டரை முறைக்கிறார்கள். முகபாவம் நன்றாக வந்திருந்தது.

பதினாறாம் பக்கத்தில் முத்திரை மோகினி திரும்பி வந்து காய்ந்த வயலிலேயே ஒரு குத்து குத்துகிறாள். "தீர்வு காணப்பட்டது." வயல் பச்சையாகிறது. ராசாத்தி சிரிக்கிறாள்.

இந்தச் சிரிப்பைப் படம் பிடித்து வரையத்தான் ரஞ்சித்குமார் கேமராவோடு ஊருக்கு வந்தான். அன்றைக்கு நாற்றுக்கு இன்னும் ஏழு நாள் உயிர். எங்கள் வெளியில் போர்க்கிணறு போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். ராசாத்தியின் சிநேகிதி நுஸ்ரத் வீட்டு அடிபம்பு ஒன்றில் மட்டும் நல்ல தண்ணீர். ராசாத்தியும் நுஸ்ரத்தும் மூன்று நாளாகக் குடம் குடமாகச் சுமந்து நாற்றங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலை கொஞ்சம் பச்சை கண்டிருந்தது. ரஞ்சித்குமார் அதைப் பார்த்துவிட்டுப் போன் போட, தெட்சிணாமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? முதல் பக்கத்துல வயல் காய்ஞ்சிருக்கணும்."

"காய்ஞ்சுதான் சார் கிடக்கு."

"அந்த மூலை?"

"அது நாங்க ஊத்தினது."

"அதைத்தான் சொல்றேன். அரசாங்கம் ஒரு குறையைத் தீர்க்க இவ்வளவு முயற்சி எடுக்கறப்ப, குறையை வச்சிருக்கறவங்களும் ஒத்துழைக்கணும். புத்தகம் வெளிவர்ற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க."

நுஸ்ரத் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "சார், அந்தப் பச்சை மூலைக்கு அடிக்க மஞ்சப் பெயிண்டு கிடைக்காதா? அடிச்சுட்டுப் போங்களேன்."

தெட்சிணாமூர்த்தி அதை யோசித்துப் பார்த்தார். உண்மைத்தன்மை கெட்டுவிடும் என்று வேண்டாம் என்றுவிட்டார். ராசாத்தியை நிற்க வைத்து, சிரிக்கச் சொன்னார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பச்சை வயல நினைச்சுக்கங்கம்மா" என்றான் ரஞ்சித்குமார். நினைத்தாள். வந்துவிட்டது. படம் எடுத்ததற்கு ஒப்புதல் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

மக்கள் பங்கேற்பு வேண்டும் என்பதால் ஊரில் நாற்பது வீட்டுக்காரர்களையும் படம் எடுத்தார்கள். அன்றைக்கு ஊரே தலைசீவிப் பூ வைத்துக்கொண்டது. நானும் பட்டுப்புடவை எடுத்துக் கட்டினேன்.

வெளியீட்டு விழாவை எல்லைக்கல்லுக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டு வைத்தார்கள். அன்றைக்கு நாற்றுக்கு உயிர் மூன்று நாள். அலுவலகத்துக்காரர்கள் மூன்று பேர் வீரர் வேஷம் போட்டார்கள். கடல் காளையாக டிரம்மில் உட்கார்ந்தவருக்கு நீச்சல் தெரியாது. அதனால் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஷட்டர் சூரனாக முத்தையன். பணியில் இருப்பவர், வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சிவப்புத் துணியை முதுகில் கட்டி, அந்தப் பழைய இரும்புக் கைப்பிடிக்குத் தங்கத் தாள் சுற்றிக் கையில் கொடுத்திருந்தார்கள்.

ஷட்டர் ஐம்பது அடியில் இருக்கிறது. கைப்பிடி கையில் இருக்கிறது. ராசாத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, இந்தா இருக்கு ஷட்டரு. ஒரு ஓட்டம் ஓடித் திருகிட்டு வந்துடுங்களேன்."

"வேஷத்துல இருக்கேன் தங்கச்சி."

"வேஷத்தோட போங்க. தண்ணி வேண்டாம்னா சொல்லப் போகுது?"

"வேஷத்துலயும் எல்லை தாண்டக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க." அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. கைப்பிடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஒரு கால் கல்லைத் தாண்டி வைத்தும்விட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது. "யாரது குறுக்க? ராசாத்தி, ஒதுங்குடி, படம் மறைக்குது." எல்லார் கையிலும் செல்போன். கத்தியது அதிகாரி இல்லை, நம்ம ஊர்க்காரர்கள்தான். முத்தையன் காலை இழுத்துக்கொண்டார். ராசாத்தி ஒதுங்கினாள்.

விழா சிறப்பாக நடந்தது. வீட்டுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். ஊரே அவரவர் முகத்தைத் தேடிப் புரட்டியது. மூக்கு சரியில்லை என்று இரண்டு வீட்டில் வருத்தம். விழாவில் பயன்பட்ட வரலாற்றுப் பொருள் என்று கைப்பிடியை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ராசாத்தி அலுவலகத்தில் நின்றாள்.

"சார், தண்ணி வரலை."

தெட்சிணாமூர்த்தி பதினாறாம் பக்கத்தைத் திருப்பினார். "இது நீங்கதானே?"

"நான்தான்."

"சிரிக்கிறீங்க."

"சிரிக்கச் சொன்னீங்க."

"கையெழுத்தும் போட்டிருக்கீங்க. மேற்படி மனு தீர்ந்துபோச்சும்மா. அச்சுல வந்துடுச்சு."

ராசாத்தி அழுகிற ஜாதி இல்லை. "அப்ப சார், ராத்திரிக்கு அந்தப் பதினாறாம் பக்கத்த வடிச்சு சாப்பிட்டுக்கறேன். புள்ளைகளுக்கு அட்டை."

அவருக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் விதி சொல்லுவார். "ஒரு வழி இருக்கு. தீர்வு தப்புன்னா புத்தகம் தப்பு. புத்தகம் தப்புன்னா வாபஸ் வாங்கணும். உங்க ஊர்ல கொடுத்த நாற்பது பிரதியும் திரும்பி வந்துட்டா, மனுவுக்கு உயிர் வந்துடும். வந்த அன்னிக்கே நானே அனுமதி போட்டு, பெட்டியைத் திறந்து, முத்தையனை அனுப்பிடறேன்."

"அந்த அதிகாரம் உங்களுக்கு இருக்கா சார்?"

"எப்பவும் இருக்கேம்மா" என்றார் அவர்.

ராசாத்தி பஸ் பிடித்து வந்தாள். தன்னுடையது ஒன்று. நுஸ்ரத் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். முத்தையன் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனார். மூன்று ஆயிற்று. மிச்சம் முப்பத்தேழு.

முதல் வீட்டில், பேரனை ஐந்தாம் பக்கத்தில் போட்டிருக்கிறது, அதை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு தரலாமா என்று கேட்டார்கள். கிழிந்த பிரதி செல்லாதே. அடுத்த வீட்டில் மகனுக்குத் துபாய்க்கு அனுப்ப எடுத்து வைத்துவிட்டார்கள். மூக்கு சரியில்லை என்று குறைப்பட்ட இரண்டு வீட்டிலுமே, மூக்கு போனால் போகிறது, முகம் இருக்கிறதே என்றார்கள். பெட்டிக்கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. எல்லோரும் அவளை உட்காரச் சொன்னார்கள். எல்லோரும் காபி கொடுத்தார்கள். நாற்றை நினைத்து வருத்தப்படாதவர்கள் யாருமில்லை.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். புத்தகம் சாமி அலமாரியில் காரைக்கால் அம்மையார் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டாம் பக்கம் விரித்தபடியே. வீரர்களை விளக்கேற்றி வரவேற்கிறது நான்தான். பட்டுப்புடவையின் அரக்கு நிறம்கூட அப்படியே வந்திருந்தது. என் பிள்ளைகள் மூன்று பேரும் போனில் பார்த்துவிட்டு, அம்மா பத்து வயது குறைந்து தெரிகிறாய் என்றார்கள். மாதக் கணக்கில் போன் பண்ணாத பெரியவன்கூட இரண்டு தரம் பண்ணினான்.

"அக்கா, நீங்க மட்டும் கொடுத்துட்டா, அக்காவே கொடுத்துட்டாங்கன்னு மத்தவங்களும் கொடுப்பாங்க. இன்னிக்கும் நாளைக்கும்தான் நாத்து தாங்கும்" என்றாள் ராசாத்தி.

கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. சாமி சாட்சி.

"கொடுக்கறேன்டி. விளக்கு வச்ச நேரத்துல வீட்டுப் பொருளை வெளிய அனுப்பக் கூடாதே" என்றேன். "நீ நாளைக்கு வா."

அவள் அலமாரிக்குக் கிட்டே போய், எட்டாம் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க படம் நல்லா வந்திருக்குக்கா" என்றாள்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றேன் நான்.