பாதுஷாவின் நாலு சதுரம்

ஆவடிக்கு வாய்த்த ஒரே சக்கரவர்த்தி எங்கள் பக்கத்து வீட்டு ஃபிட்டர்தான். காலையில் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போவார். சாயங்காலம் கைலியை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு அரசாள்வார். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பாதுஷா என்று சொன்னால்தான் தபால்காரருக்கே அவர் வீடு தெரியும்.

எல்லாம் எண்பதுகளில் அவர் எல்.டி.சி. பயணச் சலுகை எடுத்து வடக்கே போய்வந்த வினை. கூடப்போனவர்கள் சலவைக்கல் கல்லறையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தாராம்.

"கட்டடம் கெடக்கட்டும் டீச்சர். நாலு சதுரம், நடுவுல குறுக்கும் நெடுக்குமா வாய்க்கா. இங்க நமக்கு வீட்டுக்கு கிரேடு, கேன்டீன்ல கிரேடு. அங்க எந்த மூலையும் ஒசத்தி இல்ல. நாளெல்லாம் இரும்புச் சத்தம் கேட்ட காதுக்கு அந்தத் தண்ணி சத்தம் இருக்கே..."

பள்ளிக்கூட டீச்சரான என்னிடம் இதைச் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ எரிச்சல். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். இவர் மொகலாயத் தோட்டம் போட்டால் நான் எதில் துணி துவைப்பது?

போட்டேவிட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்தரையில் நாலு சதுரம், மூலைக்கொரு செம்பருத்தி. ஒரு மூலையில் செடி பட்டுப்போனால், நன்றாக இருக்கிற மற்ற மூன்றையும் பிடுங்கிவிட்டு நாலையும் புதிதாக நடுவார். கேட்டால், "ஒண்ணு இல்லாம மூணு எதுக்கு டீச்சர்?" என்பார். பைத்தியம் முற்றிவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்ட நாளில் எங்கள் வரிசையே கூடியது. குழாயைத் திறந்தார். தண்ணீர் கொஞ்ச தூரம் போய், அப்படியே நின்றுவிட்டது. அவர் மனைவி பவுனுதான் இடுப்பில் கை வைத்தாள். குத்தம்பாக்கத்தில் கழனி வேலை செய்து வளர்ந்தவள்.

"இன்னாய்யா இது, தண்ணி பட்த்துகினு கீது?"

"ஸ்பிரிட் லெவல் வச்சுப் பாத்தேன் பவுனு! ஒரு நூல் கூட ஏத்த எறக்கம் கெடையாது!"

"அதான்யா கேடு! வாய்க்கான்னா வாட்டம் வோணாவா? சரிவா இருந்தாத்தான தண்ணி ஓடும்? மெஷின் ஒக்கார வெக்கிற மாரி வெச்சிகீற!"

அவர் முகம் செத்துப்போயிற்று. பவுனு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு கருவியும் இல்லை, கண்ணளவுதான். அரை மணியில் சலசலவென்று ஓடிற்று. பாதுஷா குந்தி உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து என் வீட்டுத் துணி அலசிய தண்ணீரையும் அங்கேயே ஊற்றினேன். வீணாகத்தானே போகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

பத்து வருஷம் ஓடியது. அவர் ரிட்டயர் ஆகும் மாதம் ஆபீஸிலிருந்து தாள் வந்தது. வீட்டைக் கொடுத்தபோது இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும், அதாவது பின்னால் வெறும் தரை. மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் நின்றார். மதியமும் அங்கேயேதான் நின்றார். ஒரு வெட்டு விழவில்லை.

"நான் வெட்டட்டாய்யா?" என்றாள் பவுனு.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை; அந்த மாதம் எங்களுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் முறை வந்திருந்தது. அது வேண்டாம், பாதுஷாவின் வீட்டை உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"அடிப்பாவி, மாடி வீடுடி அது!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் போட்டார்.

ஆபீஸில் ஒப்புக்கொண்டதும் பாதுஷாவிடம் தாளைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"பெரிய வீட்ட விட்டுட்டீங்களே, பைத்தியமா டீச்சர்?"

"உங்க பக்கத்துல பத்து வருஷம் குடியிருந்தா வேற என்ன ஆவும்ணே?"

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பவுனு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாட்டத்த மட்டும் மாத்தாத டீச்சர்" என்றாள். மாதக் கடைசியில் குத்தம்பாக்கம் போய்விட்டார்கள்.

அந்த வருஷ மழையில் கிழக்கு மூலைச் செம்பருத்தி அழுகிப்போயிற்று. மற்ற மூன்றும் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, மூன்றையும் பிடுங்கினேன்.