கண் ஃபைல்

எப்பாடுபட்டாவது ஒரு தொலைநோக்கி வாங்கிவிடுவது, அதுவும் மனைவி அம்மணிக்குத் தெரியாமல். லிஃப்ட் மெக்கானிக் எடுத்த சபதம் அது. இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தே பழகிய மனுஷர். வேலை விட்டு வந்தாலும் மொட்டைமாடியில் ஒற்றை ஸ்டூலைப் போட்டு நிலாவை அண்ணாந்து பார்ப்பார்.

வேறு யாரைப் பார்ப்பது? மகன் வேலை கிடைத்துத் தூரத்துக்குப் போய்விட்டான். அம்மணியோ முன்னறையில் ஃபைல்களுக்கு நடுவே. கூரை, பல், முதுமை என்று ஒவ்வொரு முதலீட்டுக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு காரியம். ஒன்றின் பணத்தை இன்னொன்றுக்குத் தொட முடியாது. ஆசைக்கென்று ஃபைலே கிடையாது. இருவர் இருந்தும் வீட்டில் பேச்சுக் குரல் இல்லை. அவருக்கு அது தாங்கவில்லை.

ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றார்.

"ஏம்மா, கண்ணு மங்குது."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்தான்."

"எப்பலேர்ந்து?"

"செவ்வாய்க்கிழமைலேர்ந்து."

அம்மணி பேனாவை எடுத்தாள். 'கண்' என்று புது ஃபைல் போட்டு மாதாமாதம் ஃபண்டில் கட்டினாள். மூன்று வருஷத்தில் பணம் கைக்கு வரும். தனியாக டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

ஆனால் மூன்று வருஷமும் மங்கலாகவே இருந்தாக வேண்டுமே! கதவு நிலையில் வேண்டுமென்றே முட்டிக்கொண்டார். கடைசி வருஷம் அம்மணி வேறு சோதனை வைத்தாள்.

"ஏங்க, இதுல என்ன எழுதியிருக்கு?"

கொட்டை எழுத்தில் 'கூரை' என்று இருக்கும்.

"பல்லுதானேம்மா?"

"சரி" என்று பல் அடுக்கில் வைப்பாள். கண்டுபிடிக்கப் பார்க்கிறாள், நாமா சிக்குவோம் என்று மெக்கானிக் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். அந்த நாலு வார்த்தைக்குப் பிறகு மறுபடி மொட்டைமாடி, மறுபடி நிலா. 'இங்கே பாரேன்' என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பணம் கைக்கு வந்த அன்று காலை அவர் சட்டை மாட்டினார். அம்மணி அதற்கு முன்பே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கும்மா சிரமப்படணும்?"

"கண்ணு தெரியாத மனுஷனைத் தனியா அனுப்புவாங்களா?"

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கடைசி வரி வரை படிக்கச் சொன்னார். டாக்டரிடம் பொய் சொல்ல நா எழவில்லை. படித்துவிட்டார்.

"கழுகுப் பார்வை சார் உங்களுக்கு!"

"அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர். அப்புறம் என்னைப் பாருங்க" என்று அம்மணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றியிருந்தது.

வெளியே வந்ததும் மெக்கானிக் கேட்டார். "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"எழுத்து கண்ணுக்குத் தெரியாமத்தானே உங்களைப் படிக்கச் சொன்னேன்? கூரை ஃபைல் இன்னும் பல்லுக்குள்ள கிடக்கு. போன மாசம் தலையணை உறைக்குள்ள நீங்க ஒளிச்சு வச்ச தொலைநோக்கி விளம்பரம் கைக்கு வந்துச்சு. படம் பெரிசா இருந்ததால அது மட்டும் தெரிஞ்சுது."

கண் ஃபைல் பணம் கண்ணுக்கே போனது. ஒரு வருஷமாகப் பக்கத்திலேயே ஒருத்தி இருட்டிப்போய்க்கொண்டிருந்தது தெரியாமல் நிலாவைப் பார்த்திருக்கிறோமே என்று மெக்கானிக்குக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு கண்ணும் தேறிய பிறகு ஒரு மாலை, மாடிப்படியில் காலடிச் சத்தம். அம்மணி!

"அடேயப்பா, நிலாவுல இருக்கற கறைகூடத் தெரியுதே!"

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூலைத் துடைத்து அவளை உட்கார வைத்தார். வந்த வாய்ப்பை விடுவாரா?

"தொலைநோக்கின்னா குழியெல்லாம் தெரியும்மா. ஒரு ஃபைல் போடேன்."

"எதுக்குங்க? கழுகுப் பார்வைன்னு டாக்டர் எழுதின சீட்டு பத்திரமா வச்சிருக்கேனே."

அன்றிலிருந்து தினமும் அம்மணி மாடிக்கு வருகிறாள். ஒற்றை ஸ்டூல் அவளுக்கு. மெக்கானிக் நின்றுகொண்டுதான் நிலா பார்க்கிறார்.