நீர் எடுக்கிற குழல்

கைத்தடியோடு திரியும் இளைஞனைக் கண்டால், கோளாறு காலிலா மண்டையிலா என்றுதான் ஊர் யோசிக்கும். என் கால்கள் நன்றாகவே இருந்தன.

அறுபதுகளில் நான் கிளிநொச்சியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார டாக்குத்தர் ஒருவரின் பழஞ்சாமான்களை வவுனியாவில் ஏலம் விட்டபோது அந்தக் கைத்தடியை வாங்கினேன். பிடியைத் திருகினால் உள்ளே சின்னக் கத்தி, முள் எடுக்கிற சாவணம், வளைந்த மெல்லிய வெள்ளிக் குழல் ஒன்று. குழல் எதற்கென்று கேட்டேன். ஏலக்காரர் பக்கத்தில் பெண்கள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "நீர் எடுக்கிற குழல்" என்று காதுக்குள் சொன்னார். (இதை ஏன் காதுக்குள் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை.) இளநீர் குடிக்கக்கூட வெள்ளியில் குழல் செய்திருக்கிறார்களே என்று வியந்துபோனேன்.

வட்டக்கச்சிக்குப் பொம்பிளை பார்க்க அந்தத் தடியோடுதான் போனேன். சாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணின் தகப்பன் 'ஓம்' என்றால் போதும். பெண்ணை ஒருமுறை கோயிலில் கண்டிருந்ததால் அந்த ஓமுக்காக உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தம் பேசிய ஆஸ்பத்திரி அப்போதிக்கரி இன்னும் வந்து சேரவில்லை.

இளநீர் வந்தது. நான் பிடியைத் திருகிக் குழலை உருவித் தகப்பனிடம் நீட்டினேன்.

"இதாலை குடிச்சுப் பாருங்கோ ஐயா. சீமைச் சாமான்."

நுனியில் ஓட்டை பக்கவாட்டில் இருப்பது வழுக்கல் அடைக்காமலிருக்க என்று விளக்கமும் கொடுத்தேன். அவர் உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

"சோக்காயிருக்குத் தம்பி. சட்டையிலை ஒரு சொட்டும் ஊத்துப்படேல்லை."

கலியாணம் முடிந்த மாதிரித்தான் என்று நினைத்தேன். அப்போது அப்போதிக்கரி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஐயோ, அதை வாயிலையிருந்து எடுங்கோ! மூத்திரம் போகாத ஆக்களுக்கு விடுற குழாயெல்லோ அது!"

"நீர் எடுக்கிற குழல் எண்டுதானே ஏலக்காரர் சொன்னவர்?" என்றேன்.

"நீர்தான். ஆனா இளநீர் இல்லை."

தகப்பன் கிணற்றடிக்கு ஓடினார். அவர் கொப்பளித்த சத்தம் நெடுநேரம் கேட்டது. எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது. எழுந்து போய்விடலாம் என்றால் தடியை எப்படிப் பூட்டுவதென்றே கைக்கு மறந்துபோயிற்று.

திரும்பி வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன.

"உந்தக் குழலை வேறை ஆர் பாவிச்சது?"

"டாக்குத்தரிட்டை வந்த ஆக்களைத் தெரியாது ஐயா. வாங்கின நாளிலையிருந்து நான்தான். ஒவ்வொரு நாளும்."

"நீரும் குடிச்சனீரோ?"

"ஓம் ஐயா. மோரும் குடிச்சனான்."

அடுப்படிக் குசினிக்குள் ஒரு பெண் குரல் வாய்விட்டுச் சிரித்தது. தகப்பன் அந்தப் பக்கம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவராலும் அடக்க முடியவில்லை.

"பாவம் பெடியன், வஞ்சகமில்லை," என்றார் அப்போதிக்கரியிடம். "கலியாணத்துக்கு நல்ல நாள் பாருங்கோ."

பல வருடங்களுக்குப் பிறகு அந்தத் தகப்பன், என் மாமா, நீர் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்குத்தர் றப்பர் குழாயோடு வந்தார். அந்த வேதனையிலும் மாமா கையை உயர்த்தி மறித்தார்.

"பொறுங்கோ ஐயா. முதல் என்ரை மருமோனைக் கேளுங்கோ, இதாலை இளநி குடிச்சவரோ எண்டு."